ஓட்டுக்கூரை மாத்தப்போறீங்களா? காசு எங்க போகுது, எங்க மிச்சம் பிடிக்கலாம்

நான் ஆசாரியும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. நாகர்கோவில் பக்கம் எங்க வீட்டு ஓட்டுக்கூரையை ஒரு தடவை மாத்தினேன், அதுல நல்லா காசை விட்டேன், அப்புறம் அக்கா வீட்டு வேலைக்கு கூட நின்னேன், போன வருஷம் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு. மூணுலயும் பார்த்தது ஒண்ணுதான்: கூரையை பிரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த முடிவெல்லாம் மலிவா முடிஞ்சது, பிரிச்சப்புறம் எடுத்ததுக்கெல்லாம் ரெண்டு விலை. தலைக்கு மேல வானம் தெரியிற நேரத்துல யாராலயும் பேரம் பேச முடியாது, கேக்கிறவன் கேட்டதுதான் ரேட்டு. அதனால கீழ இருக்கிற வரிசையை மாத்தாம போங்க. பாதி வேலை ஏணி வைக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்.

1. மாத்தியே ஆகணுமான்னு முதல்ல பாருங்க

ஒழுகுதுன்னா கூரை போச்சுன்னு அர்த்தம் இல்ல. எங்க வீட்டுல ஒழுகின இடம் நாலு. வந்த காண்ட்ராக்டர் முற்றத்துல நின்னுக்கிட்டே அண்ணாந்து பார்த்துட்டு "மொத்தமும் போயிட்டு சார், எல்லாத்தையும் மாத்தணும்"னாரு, நானும் தலையாட்டிட்டேன். பிரிச்சு இறக்கினப்புறம் பார்த்தா நாலுல மூணு இடத்துல வெறும் உடைஞ்ச ஓடு, நாலாவது முகட்டுல பூச்சு வெடிச்சது. மரத்துல முக்காவாசி கல்லு மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள புது மரம் வந்து இறங்கியாச்சு.

உச்சி வெயில்ல வீட்டு ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டு உள்ள நின்னு மேல பாருங்க. வெளிச்சம் ஊசி மாதிரி இறங்குற இடத்துக்கு நேர் கீழ தரையில சாக்பீஸ்ல ஒரு வட்டம் போடுங்க. அடுத்த மழையில எங்க சொட்டுதோ அங்க இன்னொரு குறி. ரெண்டும் ஒரே இடத்துல இருக்காது, ஏன்னா தண்ணி உள்ள வந்ததும் ரீப்பர் கட்டையை (ஓடு உக்கார்ற குறுக்குச் சட்டம்) பிடிச்சுக்கிட்டு கீழ்ப்பக்கமா ஓடி அப்புறம்தான் சொட்டும், அதனால சொட்டுற இடத்துக்கு மேல்ப்பக்கம்தான் பொத்தல் இருக்கும். புதுசா பார்க்கிறவங்க சொட்டுக்கு நேர் மேல இருக்கிற ஓட்டை மாத்திட்டு இன்னும் ஒழுகுதேன்னு நிப்பாங்க.

அடுத்து மரம். ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கிட்டு ஏறுங்க. கழுக்கோல் (மத்த ஊர்ல கைமரம்னு சொல்வாங்க) நடுவுல குத்திப் பார்த்து பிரயோஜனம் இல்ல, அங்க காத்து படுறதால நல்லாத்தான் இருக்கும். சுவத்துக்குள்ள உக்கார்ற முனை, அப்புறம் இறவாரத்துல மழை அடிக்கிற முனை, இந்த ரெண்டு இடத்துலதான் ஈரமும் கரையானும். அங்க அழுத்தினா அரை இன்ச் உள்ள போகுதா, அந்த மரம் முடிஞ்சது. கழுக்கோல் பத்துல ரெண்டு மூணுதான் இப்படி இருந்தா முழுக்க மாத்தாதீங்க, அதை மட்டும் மாத்திட்டு ஓட்டைப் பிரிச்சு கழுவி திருப்பி அடுக்கினாலே போதும். அதுதான் இருக்கிறதுலயே பெரிய மிச்சம். இதுக்கப்புறம் நான் சொல்லப்போற எதுவும் அந்த அளவுக்கு வராது.

முகட்டுல ஒரு முனையில இருந்து மறு முனைக்கு நூல் கட்டி இழுத்துப் பாருங்க. நடுவுல ரெண்டு இன்ச்சுக்கு மேல தொங்கிச்சுன்னா விஷயம் உத்திரத்துலயோ சுவர்லயோ இருக்கு, அப்ப மட்டும் காசு குடுத்து ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்க. அந்த ஃபீஸை மிச்சம் பிடிக்கக் கூடாது.

2. அளவை நீங்களே எடுங்க

கூலி, ஓடு, ஷீட்டு எல்லாமே சதுரக் கணக்குலதான், ஒரு சதுரம்னா 100 சதுர அடி. அளவு தப்பானா எல்லாமே தப்பு. தரை அளவு வேற, சரிவு அளவு வேற. தரை அளவை வச்சு நீங்க கணக்கு போட்டா சாமான் பத்தாது, ஆள் சொல்றதை அப்படியே நம்பினா சாமான் மிஞ்சும், மிஞ்சினது யார் வண்டியில போகும்னு சொல்லத் தேவையில்ல.

எங்க வீட்டு கணக்கையே சொல்றேன். இறவாரம் சேர்த்து நீளம் 40 அடி, அகலம் 27 அடி. தரைக்கணக்குல 1080 சதுர அடி. இறவாரத்துல இருந்து முகடு வரைக்கும் சரிவுல டேப் பிடிச்சா 15.6 அடி, அதாவது 30 டிகிரி சரிவு. ரெண்டு பக்கமும் சேர்த்து 15.6 × 2 × 40, கிட்டத்தட்ட 1250 சதுர அடி, பன்னெண்டரை சதுரம். எனக்கு வந்த கொட்டேஷன்ல 15 சதுரம்னு இருந்துச்சு. நான் அளந்து பார்க்கவே இல்ல. ரெண்டரை சதுரத்துக்கு கூலியும் சாமானும் சும்மா குடுத்தேன்.

மேல ஏறி அளக்க பயமா இருந்தா உள்ள இருந்தே ஒரு சரிவுல எத்தனை ரீப்பர் வரிசைன்னு எண்ணி, ரெண்டு ரீப்பருக்கு நடுவுல உள்ள தூரத்தால பெருக்குங்க, சரிவு நீளம் கிட்டத்தட்ட வந்துடும். சாதா சரிவுக்கு தரை அளவை 1.15ஆல பெருக்கினா போதும், நல்லா செங்குத்தா நிக்கிற 45 டிகிரி கூரைன்னா 1.41. சீமை ஓடு (மங்களூர் ஓடு) ஒரு சதுரத்துக்கு 140ல இருந்து 150 பிடிக்கும், அப்ப எங்க வீட்டுக்கு சுமார் 1800 ஓடு.

3. என்ன போடுறதுன்னு சுவரைக் கேளுங்க

சொந்தக்காரங்க வருவாங்க, டீ குடிச்சுக்கிட்டே "இவ்வளவு செலவு பண்றதுக்கு அப்படியே தளம் போட்டுடலாமே"ம்பாங்க. 5 இன்ச் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 300 கிலோ. சீமை ஓடு அதே இடத்துக்கு 40 கிலோ சுமார், மரத்தையும் சேர்த்தா இன்னும் கொஞ்சம். மெட்டல் ஷீட்டு 4, 5 கிலோதான். மண்சாந்து வச்சு கட்டின பழைய சுவர் ஓட்டோட கனத்துக்கு கட்டினது, அது மேல தளத்தை ஏத்தினா அஸ்திவாரத்துல இருந்து பார்க்கணும், அது கூரை வேலை இல்ல, புது வீடு.

மிச்சம் இருக்கிற வழி மூணு. மரம் நல்லா இருந்தா அதே மரம், அதே ஓடு, இதுதான் மலிவு. மரம் போயி ஓடு நல்லா இருந்தா ஜிஐ ட்யூப்ல (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) சட்டம் அடிச்சு பழைய ஓட்டையே மேல போடலாம், கரையான் தொல்லை தீரும், வீடும் முன்ன மாதிரியே குளுகுளுன்னு இருக்கும். ரெண்டும் போச்சுன்னா ஷீட்டு. ஷீட்டு வேகமா முடியும், லேசு, ஆனா மத்தியானம் உள்ள இருக்க முடியாது, மழை பெஞ்சா டிவி கேக்காது. கீழ சீலிங் அடிக்கலாம்னு அப்புறம் ஓடுவீங்க, அந்தச் செலவை இப்பவே ஷீட்டு பக்கம் சேர்த்து கணக்கு பாருங்க. அக்கா வீட்டுல அப்படிச் சேர்த்துப் பார்த்தப்ப ட்யூப்பும் பழைய ஓடும்தான் குறைஞ்சுது.

கடலோரம்னா இன்னொண்ணு. உப்புக் காத்துல சாதா எம்எஸ் ட்யூப் (பூச்சு இல்லாத இரும்பு) நிக்காது, பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சுக்கிட்டே இருக்கணும். ஆரம்பத்துலயே ஜிஐ வாங்குங்க.

4. பழைய சாமான் உங்க சொத்து, அதை எழுத்துல வைங்க

"பழசை நான் அள்ளிட்டுப் போயிடறேன் சார், உங்களுக்கு குப்பை இருக்காது." இதைக் கேட்டா உதவி மாதிரி இருக்கும். எங்க வீட்டுல நான் தேங்க்ஸ் வேற சொன்னேன். தேக்கு ரீப்பர், அயினி கழுக்கோல், வைரம் பாஞ்ச பனங்கை, இதெல்லாம் பழைய மரக்கடையில எடை போட்டும் கன அடி கணக்குலயும் வாங்குறாங்க. முழு ஓட்டை எண்ணிக்கைக்கு வாங்க ஆள் இருக்கு, உடைஞ்சதுக்குக் கூட தரை கெட்டிக்க கேட்டு வருவாங்க. அக்கா வீட்டுல நாங்களே வித்தோம், அந்தக் காசுல ஆள் கூலியில பாதி கழிஞ்சது.

ஆனா எல்லாத்தையும் விக்கவும் ஓடாதீங்க. நல்ல பழைய ஓட்டை உங்க கூரைக்கே வச்சுக்கோங்க. ஒவ்வொண்ணையும் கையில தூக்கி விரல் முட்டியால தட்டுங்க, "டங்"னு மணி மாதிரி கேட்டா நல்லது, "டொக்"குன்னு செத்த சத்தம் வந்தா கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கு. இறக்கும்போதே இப்படித் தட்டி ரெண்டு அடுக்கா பிரிச்சிடணும், அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா கலந்துடும். பாசி பிடிச்சு கறுத்திருக்கேன்னு தூக்கிப் போடாதீங்க, கம்பி பிரஷ் போட்டு தேச்சா போயிடும்.

இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. ஓட்டைத் திருப்பிப் பாருங்க, அடியில கம்பெனி முத்திரை இருக்கும். ஒரு கம்பெனி ஓட்டோட பள்ளம் இன்னொரு கம்பெனி ஓட்டு மேட்டுல சரியா உக்காராது. குறையிற 300 ஓட்டைக் கடையில புதுசா வாங்கி நடுநடுவுல சொருகினா அந்த இடமெல்லாம் ஒழுகும், பக்கத்து வீட்டு அண்ணன் இப்படி வாங்கி வச்சிட்டாரு. கடைசியில முன்பக்க சரிவு முழுக்க பழசு, பின்பக்க சரிவுல முகட்டுல இருந்து கீழ வரைக்கும் ஒரு ஓரமா புதுசு, ரெண்டும் சேர்ற இடத்துல மட்டும் ஒரு தகடுன்னு சமாளிச்சோம். அதே முத்திரை உள்ள பழைய ஓடு ஊருக்குள்ள எங்கயாவது வீடு இடிக்கிற இடத்துல கிடைக்கும், ரெண்டு மாசம் முன்னாடியே தேட ஆரம்பிச்சா புது ஓட்டு விலைல கொஞ்சம்தான் ஆகும்.

5. மாசம்

எங்க பக்கம் ரெண்டு மழையும் உண்டு, ஜூன்ல ஒண்ணு, ஐப்பசில ஒண்ணு. தை, மாசிதான் சரியான நேரம். சித்திரை வைகாசில ஊரே வேலை வைக்கும், ஆள் கிடைக்காது, கூலியும் ஏறும். ஆடில யாரும் வீட்டு வேலை ஆரம்பிக்க மாட்டாங்க, அதனால ஆள் சும்மா இருப்பாங்க, கூலி குறைச்சுப் பேசலாம்னு ஒரு யோசனை வரும். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க, 16 அடி ஷீட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கிற பையனோட கதியை நினைச்சுப் பாருங்க. வேண்டாம்.

பேச்சை கார்த்திகை மார்கழில முடிச்சிடுங்க. அப்ப அவங்களுக்கு வேலை இல்லாத நேரம், தைக்கு ஒரு வேலை கையில இருந்தா நல்லதுன்னு நினைப்பாங்க, ரேட்டு அங்கதான் குறையும்.

6. ஒரே காகிதத்தை மூணு பேருக்கும் குடுங்க

மூணு கொட்டேஷன் வாங்குங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, வாங்கினாலும் ஒப்பிட முடியாது, ஏன்னா ஒருத்தர் மரத்தோட சொல்வாரு, ஒருத்தர் கூலி மட்டும், ஒருத்தர் "எல்லாம் சேர்த்து"ன்னு வாயாலயே சொல்வாரு. அதனால நீங்களே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ரேட்டு மட்டும் நிரப்பச் சொல்லுங்க. அக்கா வீட்டுக்கு நான் எழுதினது இது:

"ஓட்டுக்கூரை, ரெண்டு சரிவு, 11 சதுரம். சந்தேகம்னா சேர்ந்து அளக்கலாம், அளந்ததுக்கு மட்டும்தான் பணம்.
ஓட்டை உடைக்காம பிரிச்சு கொல்லையில அடுக்க: சதுரத்துக்கு எவ்வளவு?
பழைய மரம் இறக்கி அடுக்க: எவ்வளவு? பழைய ஓடும் மரமும் வீட்டுக்காரருக்கு.
ட்யூப் சட்டம் வெல்டிங், பிரைமர், பெயிண்ட் ரெண்டு கோட்டு, கூலி மட்டும்: கிலோவுக்கா சதுரத்துக்கா? எவ்வளவு?
ஓடு கழுவி அடுக்க, முகட்டு ஓடு பூச: எவ்வளவு?
சாரம், ஏணி, வெல்டிங் மிஷின், சாமான் மேல ஏத்துற கூலி யாரோடது?
எத்தனை நாள்? நடுவுல மழை வந்தா மூடுறது யார்?"

மூணு பேர்ல ஒருத்தர் இதைப் பார்த்துட்டு திரும்பி வரவே இல்ல. நல்லதுதான். ரொம்பக் குறைஞ்ச ரேட்டுக்காரரைக் கண்ணை மூடிக்கிட்டு எடுக்காதீங்க, அவர் எந்த வரியை காலியா விட்டிருக்காருன்னு பாருங்க, அந்த வரியிலதான் பின்னாடி பணம் கேப்பாரு. எங்க வீட்டுல "சாரம்"னு ஒரு செலவு மூணாவது நாள்தான் தலையைக் காட்டிச்சு.

சாமானை நீங்க வாங்குறது, கூலியை மட்டும் பேசுறது, இதுதான் என் அனுபவத்துல சரி. அலைச்சல்தான், ஆனா கடைக்காரர் குடுக்கிற கமிஷன் உங்க பக்கம் தள்ளுபடியா வரும். பணத்தை நாலா பிரிங்க: அட்வான்ஸ் பத்துல ஒரு பங்கு, சட்டம் முடிஞ்சதும் நாலு பங்கு, அடுக்கி முடிச்சதும் நாலு, கடைசி ஒரு பங்கு முதல் நல்ல மழைக்கு அப்புறம். இதை முதல் நாளே சொல்லிடணும், முடிவுல சொன்னா சண்டை.

7. சாமான் வாங்கும்போது

ஷீட்டுன்னா கலரைப் பார்க்காதீங்க, கனத்தைப் பாருங்க. 0.50 எம்எம்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ள 0.40 இருக்கும். கடையில மைக்ரோமீட்டர் கேட்டா கொஞ்சம் முறைப்பாங்க. அதைவிட சுலபமான வழி தராசு. மூணரை அடி அகல ஷீட்டு 10 அடி நீளத்துல ஒண்ணை எடை போடுங்க, 0.50 எம்எம்னா 13, 14 கிலோ சுமார் இருக்கும், 0.35ன்னா 9, 10 கிலோதான். இதுல ஸ்டிக்கர்ல உள்ள கனம் பெயிண்ட்டும் பூச்சும் சேர்த்ததா, வெறும் இரும்பான்னும் கேளுங்க, ரெண்டும் வேற வேற. பூச்சு எவ்வளவுன்னு கேட்டா நல்ல ஷீட்டுக்கு ஏஇசட் 150ன்னு சொல்வாங்க, அதாவது ரெண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினியம் துத்தநாகப் பூச்சு.

மெல்லிசு வாங்கினா மிச்சம்னு தோணும். மெல்லிசுக்கு கீழ சட்டத்தை நெருக்கி அடிக்கணும், அந்த ட்யூப் காசுல மிச்சம் காணாம போயிடும், நெருக்காம விட்டா நடக்கும்போதே அமுங்கி அந்தக் குழியில தண்ணி நிக்கும்.

நீளத்தை முகட்டுல இருந்து இறவாரம் வரைக்கும் ஒரே துண்டா வெட்டித் தரச் சொல்லுங்க. ரெண்டு துண்டு போட்டா ஆறு இன்ச் மேல ஒண்ணு ஏறணும், அவ்வளவும் வேஸ்ட்டு, போதாக்குறைக்கு ஒழுகுறதும் அங்கதான். ஆனா 16 அடி ஷீட்டு டாடா ஏஸ்ல வராது, பெரிய வண்டி வாடகையை முன்னாடியே கேட்டுக்கோங்க. வெளிர் நிறமா எடுத்தா சூடு குறையும், கரும்பச்சை அழகுதான், மே மாசம் தெரியும்.

பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும்னு சொல்வாங்க. வாரண்டிக்கு பில்லைத்தான் கேப்பாங்க, அதனால ஷீட்டுக்கு மட்டும் பில் இல்லாம வாங்காதீங்க.

மரம் வாங்குறவங்களுக்கு ஒரே வார்த்தை: எங்க ஊர்ல ரப்பர் மரம் மலிவா கிடைக்கும், அதுல ரீப்பர் போடாதீங்க, வண்டு துளைச்சு மாவா கொட்டும்.

8. பிரிக்கிற நாள்

ரெண்டு சரிவையும் ஒரே நாள்ல பிரிக்க விடாதீங்க. ஒரு சரிவு பிரிச்சு, சட்டம் அடிச்சு, மூடினப்புறம்தான் அடுத்தது. ஆளுங்களுக்கு மொத்தமா பிரிக்கத்தான் பிடிக்கும், அது அவங்களுக்கு சுலபம், அதோட வேலை உங்க தலையில மாட்டிக்கிச்சு, இனி வேற ஆளைக் கூப்பிட முடியாது. ஒரு சரிவு முடிஞ்சதும் வேலை சரியில்லன்னா அங்கயே நிறுத்தலாம், அந்த உரிமைதான் இதுல காசு.

முதல் நாளே வேணும்: கூரையில பாதியை மூடுற அளவுக்கு தார்ப்பாய், கயிறு, மணல் மூட்டை. மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி கூரையில ஓடுற வயரையெல்லாம் எலக்ட்ரீஷியனை வச்சு கழட்டுங்க. கட்டில் பீரோவை அடுத்த அறைக்கு. ஓட்டுக்கு அடியில தேள் இருக்கும், சில வீட்டுல பாம்புச் சட்டையும் கிடக்கும், பசங்களை அன்னைக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிடுங்க.

ஓட்டை கையில இருந்து கைக்கு வரிசையா நின்னு இறக்கணும், ரெண்டு கையாள் கூலி கூட ஆகும், ஆனா மேல இருந்து சாக்கு மேல வீசினா பத்துக்கு மூணு போகும். இறக்கினதை படுக்கையா அடுக்காதீங்க, நிமித்தி சாய்ச்சு வைங்க, அடியில கனம் ஏறி உடையாது.

அடுக்களை மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு இருந்தா அதுக்கு தனி மரியாதை. சுத்தியால அடிச்சு உடைக்கவோ மிஷின் வச்சு அறுக்கவோ விடாதீங்க, அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போய் பல வருஷம் கழிச்சு புத்துநோய் வரைக்கும் கொண்டு விடும். தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு, போல்ட்டைக் கழட்டி, முழுசா இறக்கணும். துணியைக் கட்டிக்கிட்டா போதாது, நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க. இதுல ஆகுற ஒரு நாள் கூலியை மிச்சம்னு பார்க்காதீங்க.

9. சட்டம்

ரீப்பர் இடைவெளியை ஆசாரி பழக்கத்துல பன்னெண்டரை இன்ச்னு அடிப்பாரு. அடிக்க விடாதீங்க. உங்க ஓட்டுல ஆறு எடுத்து தரையில ஒண்ணோட ஒண்ணு கோத்து வைங்க. முதல் ஓட்டோட மேல் விளிம்புல இருந்து ஆறாவது ஓட்டோட மேல் விளிம்பு வரைக்கும், நல்லா இழுத்து ஒரு தடவை, நெருக்கி ஒரு தடவை அளந்து, ரெண்டுக்கும் நடு அளவை அஞ்சால வகுங்க. அதுதான் உங்க இடைவெளி. எங்க வீட்டு வேலைக்கு வந்த வயசான ஆசாரி ஒருத்தர்தான் இதைக் காட்டித் தந்தாரு, "மக்கா, ரீப்பர் ஓட்டுக்குத்தான், ஓடு ரீப்பருக்கு இல்ல"ன்னு. அதுக்குள்ள பாதி சரிவு அடிச்சு முடிஞ்சிருந்துச்சு, எல்லாத்தையும் பிடுங்கி அடிச்சோம், ஒரு நாள் கூலி போச்சு.

மரம் சுவத்துக்குள்ள போற முனைக்கு தாரோ கரையான் மருந்தோ பூசிட்டு, சுத்தி கொஞ்சம் இடம் விட்டு வைங்க, காத்துப் போகட்டும். சிமெண்ட்டை வச்சு இறுக்கி அடைச்சா ஈரம் உள்ளயே நிக்கும், பழைய மரம் அழுகினதும் அதனாலதான்.

ஜிஐ ட்யூப்னா வெல்டிங் அடிச்ச இடத்துல துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போயிடும், அங்க ஜிங்க் பிரைமர் அடிக்கலன்னா ஜிஐ வாங்கினதே வீண். வெல்டர் கசடைத் தட்டாம மேலேயே பெயிண்ட் அடிச்சிட்டுப் போவாரு, ஒரு மழைக்கு அது உரிஞ்சு துரு வடியும். ஏணி ஏறி ஒவ்வொரு ஜாயின்ட்டையும் நீங்களே பாருங்க, வேற யாரும் பார்க்க மாட்டாங்க.

10. மேல அடுக்குறது

ஓடு கீழ இருந்து மேல, இறவாரத்துல நூல் பிடிச்சு முதல் வரிசை. அது கோணினா முகடு வரைக்கும் கோணும். இறவாரத்துல கடைசி ரெண்டு வரிசையையும் ரெண்டு ஓரத்தையும் கம்பி போட்டு ரீப்பரோட கட்டுங்க. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்ப எங்க தெருவுல முதல்ல பறந்தது ஓரத்து ஓடுகள்தான், நடுவுல இருந்தது அப்படியே கிடந்துச்சு. காத்து ஓரத்துலதான் கையை விட்டுத் தூக்கும். கம்பிக்கு ஆகுற செலவு ஒரு டீ செலவு.

முகட்டு ஓட்டுக்கு சிமெண்ட்டை அள்ளிப் பூசினா பலம்னு நினைக்காதீங்க. சிமெண்ட் கூடினா வெயில்ல வெடிக்கும், வெடிப்புல தண்ணி இறங்கும். சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6, பூச்சு ஓட்டுக்கு அடியிலதான் இருக்கணும், மேல வழிச்சு விடக் கூடாது. ரெண்டு நாள் பூச்சுக்கு தண்ணி விட்டு நனைச்சுக்கிட்டே இருங்க.

வீடு ட வடிவத்துல திரும்புதுன்னா ரெண்டு சரிவு சேர்ற பள்ளத்துல தகடு வைக்கணும். கூரையிலயே அதிக தண்ணி ஓடுற இடம் அதுதான், கஞ்சத்தனம் பண்ற இடமும் அதுதான். இருக்கிறதுலயே நல்ல தகடு, நல்ல அகலம், ஒரே நீளம். இங்க தாராளமா செலவு பண்ணுங்க.

ஷீட்டுக்காரங்களுக்கு: காத்து அடிக்கிற திசைக்கு எதிர்ப்பக்க ஓரத்துல இருந்து ஆரம்பிங்க, அப்பதான் மேல ஏறுற விளிம்பு காத்தைப் பார்க்காம இருக்கும். ஸ்க்ரூ மேட்டுல போகணும், தண்ணி பள்ளத்துல ஓடட்டும். ஓரத்துலயும் முகட்டுலயும் இறவாரத்துலயும் எல்லா மேட்டுலயும் ஒண்ணு, நடுவுல ஒண்ணு விட்டு ஒண்ணு. கருப்பு ரப்பர் வாஷர் லேசா அமுங்கினா போதும், பிதுங்கி வெளிய வந்துச்சுன்னா அது ரெண்டு வருஷத்துல வெடிச்சு அங்கயே ஒழுகும். ஸ்க்ரூவை மட்டும் ஷீட்டோட சேர்த்து மலிவா வாங்கிடாதீங்க, கூரை போறது பாதி ஸ்க்ரூவாலதான்.

ஷீட்டை கட்டிங் மிஷின்ல அறுக்கவே கூடாது. பொறி பறந்து விழுற இடமெல்லாம் பெயிண்ட் பொத்துப் போகும், கத்திரி வச்சு வெட்டச் சொல்லுங்க. துளை போடும்போது விழுற இரும்புத்தூளை அன்னைக்கு சாயந்திரமே துடைப்பத்தால கூட்டிடுங்க, ஒரு ராத்திரி பனி பட்டா போதும், புது ஷீட்டு மேல அம்மைத் தழும்பு மாதிரி துருப் புள்ளி. சுவரும் ஷீட்டும் சேர்ற இடத்துல கொத்தனார் சிமெண்ட்டை அப்புவாரு, பச்சை சிமெண்ட் அந்த அலுமினியப் பூச்சை அரிச்சிடும். அங்க மடிச்ச தகடும் சீலன்ட்டும்தான்.

11. தண்ணி விட்டு பார்த்துட்டு கணக்கை முடிங்க

ஆளுங்க சாரத்தை அவுக்கிறதுக்கு முன்னாடி ஹோஸ் பைப்பை எடுங்க. கீழ வரிசையில ஆரம்பிச்சு பத்து நிமிஷம், அப்புறம் ஒரு ரெண்டு அடி மேல, இப்படியே முகடு வரைக்கும். மேல இருந்து ஆரம்பிச்சா எல்லா இடமும் ஒரே நேரத்துல நனையும், எங்க இருந்து வருதுன்னே தெரியாது. தண்ணியை கீழ இருந்து மேல் நோக்கி பீச்சி அடிக்காதீங்க, அப்படி அடிச்சா நல்ல கூரையும் ஒழுகத்தான் செய்யும், மழை பெய்யிற மாதிரி மேல இருந்து விழணும். உள்ள ஒருத்தர் சாக்பீஸோட நிக்கணும்.

மிஞ்சின ஓட்டுல ஒரு ஐம்பதை வித்துடாம கொல்லையில சாய்ச்சு வைங்க, நாலு வருஷம் கழிச்சு தேங்காய் விழுந்து ஒண்ணு உடைஞ்சா அதே முத்திரை ஓட்டுக்கு ஊரெல்லாம் அலையணும். அக்கா வீட்டுல முதல் மழை சித்திரை கடைசில வந்துச்சு, அடுக்களைப் பக்கம் ஒரு சொட்டு விழுந்துச்சு, போன் பண்ணினதும் மேஸ்திரி மறுநாள் காலையிலயே வந்து ஏறிட்டாரு. பத்துல ஒரு பங்கு பணம் இன்னும் எங்ககிட்டதானே இருந்துச்சு.